முதலில் மேல்மண், பிறகு நாற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் புதிய வீட்டுத்திட்டம் ஒன்று கையளிக்கப்படும்போது, சாவியோடு சேர்த்து மிளகாய் நாற்றையோ விதைப் பொதியையோ பயனாளியின் கையில் கொடுப்பதும், வீட்டுத்தோட்டம் செய்து மரக்கறிச் செலவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மேடையில் சொல்வதும் அடிக்கடி நடக்கின்றன. அந்த அறிவுரையில் குறை காண நான் வரவில்லை. பாடசாலையில் விவசாயம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையிலும், ஹட்டன் நகரை அண்டிய வீட்டுத்திட்டம் ஒன்றில் குடியிருப்பவன் என்ற வகையிலும் அதையே நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நாற்றை நடுவதற்கு வீட்டின் பின்புறத்தில் மண் இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. வீடு கட்டத் தொடங்கும் முதல் நாளிலேயே அந்த மண்ணை, நிலத்தை வெட்டிச் சமன் செய்யும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு நாமே புதைத்துவிடுகிறோம் என்பதையும், அதைத் தவிர்ப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதையும் உரியவர்களின் கவனத்திற்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் அளவைப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது சுமார் 272 சதுர அடி. ஏழு பேர்ச் காணி 1,905 சதுர அடிக்குச் சற்று மேல் வரும். இந்திய அரசின் உதவியுடனான வீட்டுத்திட்டத்தில் முன்னர் ஏழு பேர்ச்சில் கட்டப்பட்டது போல 550 சதுர அடி வீடு ஒன்றை அதில் வைத்தால், எஞ்சுவது ஏறத்தாழ 1,350 சதுர அடி. மலசலகூடக் குழி, நடைபாதை, கான் (வடிகால்), பின்னால் வெட்டிய மண்மேட்டின் அடிப்பகுதி ஆகியவற்றைக் கழித்துவிட்டால், பயிர் செய்வதற்கு ஆயிரம் சதுர அடி மிஞ்சுவதே அதிகம். புதிய திட்டங்களில் பத்துப் பேர்ச் வழங்கப்படும் என்று சொல்லப்படுவது வரவேற்கத்தக்கது. அப்போதும் பயிருக்கென்று இரண்டாயிரம் சதுர அடி கிடைக்காது. இந்த அளவு நிலத்தில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் தன்னிறைவு காணும் என்று பேசுவது மிகை. அரிசியும் மாவும் கடையிலிருந்துதான் வரவேண்டும். இருந்தாலும் கீரை, பச்சை மிளகாய், கொத்தமல்லி, போஞ்சி, வேலியில் படரும் சவ்சவ், நான்கைந்து நாட்டுக்கோழிகள் தரும் முட்டை என்று பார்த்தால், சந்தை நாளில் கைக்காசு கரைவதை இந்தப் பின்புறம் கணிசமாகத் தடுக்கக்கூடியது. மண் நன்றாக இருந்தால் மட்டும்.

இப்போது அந்த மண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்கிறேன். திட்டத்திற்கென்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் பழைய தேயிலை மலையின் சரிவு. பெக்கோ வந்து மேற்புறத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறமாகத் தள்ளி, வீட்டிற்கான தளத்தைச் சமன் செய்கிறது. அவ்வாறு புதிதாக வெட்டிய மண்சுவருக்கு முன்னால் நின்று பார்த்தால், ஆசிரியர் அவர்களே, எவருக்கும் விளங்கும். மேலே தேயிலைத் தூரும் புல்வேரும் பின்னிக்கிடக்கும் கறுத்த மண் ஒரு சாண் கனத்திற்கு ஓடுகிறது. சில இடங்களில் அதுவும் நான்கு விரல் கனம்தான். அதற்குக் கீழே ஆள் உயரத்திற்கு மஞ்சளும் சிவப்புமாக, வேரில்லாத, புழுவில்லாத, சரளைக்கல் கலந்த களி. பெக்கோ தள்ளும்போது முதலில் கீழே போய் விழுவது அந்தக் கறுத்த மண்; அதன்மேல் அடுக்கடுக்காக வந்து விழுவது மஞ்சள் களி. வேலை முடிந்து சாவி கொடுக்கப்படும் வேளையில், உணவு தரக்கூடிய மண் நான்கைந்து அடி ஆழத்தில் கிடக்க, அடிமண் முற்றத்தில் பரவிக் கிடக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கி வழுக்கும். நான்கு நாள் வெயிலடித்தால் மண்வெட்டி இறங்காமல் துள்ளும். நாற்று அதில் சாவதுமில்லை, வளர்வதுமில்லை. மூன்று மாதம் கழித்து வந்து பார்க்கும் அதிகாரி, இவர்களுக்கு ஆர்வமில்லை என்று குறிப்பெழுதிவிட்டுப் போகிறார்.

நிறம் மட்டுமல்ல குறை. தேயிலைக்கு அமிலத்தன்மை கூடிய மண்ணே வேண்டும், அதன் பி.எச். பெறுமானம் (குறையக் குறைய அமிலம் கூடியதைக் காட்டும் அளவு) 4.5 இற்கும் 5.5 இற்கும் இடையில் இருப்பது தேயிலைக்கு உகந்தது. கோவா, கரட், பீட்ரூட், போஞ்சி முதலியவற்றுக்கு அது 6 ஐ ஒட்டி இருந்தால்தான் நல்லது. அமிலம் மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். இடுகின்ற பொஸ்பரஸ் பசளையை மண் பிடித்துக்கொண்டு பயிருக்குக் கொடுக்காது. கோவாச் செடியின் வேர் முண்டு முண்டாக வீங்கும் நோயும் இத்தகைய மண்ணிலேயே தீவிரமாகும். மேல்மண்ணில் உள்ள உக்கல், அதாவது மக்கிய இலைதழை, இந்தத் தீமைகளை ஓரளவு தாங்கிக்கொள்ளும். உக்கலே இல்லாத அடிமண்ணுக்கு அந்தச் சக்தி கிடையாது.

இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற விடயம் ஒன்று உண்டு. ஒரு தோட்ட நிர்வாகம் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகக் கன்று வைக்க நினைத்தால், உடனே வைப்பதில்லை. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் நீண்ட காலமாகப் பரிந்துரைத்துவரும் முறைப்படி, அந்த மலையில் மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ நட்டு, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை வளரவிட்டு, அவ்வப்போது வெட்டி அங்கேயே பரப்பி, மண்ணைத் தேற்றிய பிறகே தேயிலைக் கன்று நடப்படுகிறது. அதற்குப் பணமும் காலமும் ஒதுக்கப்படுகின்றன. அதே மலையின் ஒரு மூலையில், அதே தேயிலையைக் கொய்த குடும்பத்திற்கு வீடு கட்டும்போது மட்டும், மேல்மண்ணையும் புதைத்துவிட்டு மறுநாளே மிளகாய் நடச் சொல்கிறோம். தேயிலைக் கன்றுக்குக் காட்டுகிற பொறுமையில் பாதியைக்கூட மனிதர் உண்ணும் பயிருக்குக் காட்டக்கூடாதா என்று கேட்பதில் தவறில்லை என நினைக்கிறேன்.

மலையகச் சரிவுகளில் மேல்மண் என்றோ கழுவுண்டு போய்விட்டது, காப்பாற்ற இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒரு பொறியியலாளர் என்னிடம் கேட்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கோப்பிக் காலத்திலும், 1867 இல் லூல்கந்தூரையில் தேயிலை தொடங்கிய பிறகு நெடுங்காலமும், புல் பூண்டு எதுவும் தலைகாட்டாதபடி சுரண்டியால் மலையை வழித்துத் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல துரைத்தனமாகக் கருதப்பட்டது. அந்த வெறும் தரையில் விழுந்த பருவமழை எவ்வளவு மண்ணை ஆற்றில் சேர்த்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1951 ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் என்று தனிச்சட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டிய நிலை இந்த நாட்டிற்கு ஏற்பட்டது. ஆனால் இந்த வாதம் எனக்கே துணை நிற்கிறது. ஓர் அங்குல மேல்மண் இயற்கையாக உருவாக நூற்றாண்டுகள் செல்லும். எஞ்சியிருப்பது ஒரு சாண் என்றால் அந்த ஒரு சாணை இன்னும் கவனமாக எடுத்துவைக்க வேண்டும்.

லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்களுக்கு மரக்கறிச் செய்கை தெரியாது என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. லயங்களின் பின்புறத்திலும் ஓடையோரத்திலும் எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மரக்கறிப் பாத்திகள் இருந்தே வந்திருக்கின்றன. அடுப்புச் சாம்பலும், மாட்டுச் சாணமும், அரிசி கழுவிய நீரும், மரக்கறித் தோலும் நாள்தோறும் விழுந்து விழுந்து, இரண்டு மூன்று தலைமுறைகளில் அங்கே கறுப்பாக ஒரு மண் உருவாகியிருக்கிறது. விறகுச் சாம்பல் அமிலத்தைத் தணிக்கும் என்ற இரசாயனத்தைப் படிக்காமலேயே நம் தாய்மார் அதைச் சரியான இடத்தில் கொட்டியிருக்கிறார்கள். புதிய வீட்டிற்குக் குடிபெயரும்போது அவர்கள் பின்னால் விட்டுவிட்டு வருவது அந்த மண்ணையும்தான். எங்கள் திட்டத்திற்கு வந்த மூதாட்டி ஒருவர், லயம் இடிக்கப்படுவதற்கு முன்னர் தமது பழைய பாத்தி மண்ணை யூரியா பேக்குகளில் அள்ளி, தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு வளைவு ஏறிச் சுமந்து வந்தார். அந்த மண்ணில் கரித்துண்டும், முட்டை ஓடும், உடைந்த பீங்கான் கோப்பையின் சில்லுகளும் கலந்திருந்தன. புதினா வேர் ஒன்றும் கூடவே வந்தது. ஒரு கட்டில் அளவுக்கு அவர் பரப்பிய அந்த மண்ணில்தான் எங்கள் வரிசையின் முதல் கீரை முளைத்தது. அடுத்தடுத்த வீடுகளின் முற்றங்களில் அப்போது பெக்கோ சக்கரத்தின் தடம்கூட அழியவில்லை. அரசாங்கம் செய்திருக்க வேண்டிய வேலையை எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தலைச்சுமையாகச் செய்ததை நான் பெருமையோடு எழுதவில்லை.

கடந்த நெருக்கடியிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அது நீக்கப்பட்டது. சேதனப் பசளையை ஒரே போகத்தில் ஆணையிட்டு உருவாக்க முடியாது என்பதை நாடு அந்த ஆறேழு மாதத்தில் கண்டது. அடுத்த ஆண்டில் விலைவாசி எகிறி, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்குச் சற்று முன்னர், வீட்டில் பயிரிடுவதற்கென்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கத் தீர்மானிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொழுந்து கொய்ய மலைக்குப் போகிறவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை என்பது வேறு கதை. கிடைத்திருந்தாலும் மஞ்சள் களியில் ஒரு வெள்ளிக்கிழமை என்ன செய்துவிடும்?

இனி நான் கேட்பது. காணியைச் சமன் செய்யத் தொடங்குமுன், தேயிலைத் தூர்களை அகற்றியதும், அதே பெக்கோவைக் கொண்டு மேலிருக்கும் ஒரு சாண் மண்ணை மட்டும் வழித்தெடுத்து ஓர் ஓரமாகக் குவித்துவைக்க வேண்டும். மழையில் கரையாதபடி அதன்மேல் வெட்டிய புல்லையோ படங்கையோ போட்டு மூடிவைத்து, அத்திவாரமும் கூரையும் முடிந்த பின்னர் பின்புறத்தில் திரும்பப் பரப்பிக் கொடுக்க வேண்டும். ஏழு பேர்ச் காணி ஒன்றில் அரை அடிக் கனத்திற்கு வழித்தால் சுமார் ஒன்பதரைக் கியூப் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி) மண் வரும். வீடும் பாதையும் கானும் போக எஞ்சும் ஆயிரம் சதுர அடியில் அதைப் பரப்பினால், முன்பு அரை அடியாக இருந்தது முக்கால் அடிக்கும் மேலாகவே உயரும். இதே ஒன்பதரைக் கியூப் மேல்மண்ணை ஒரு தொழிலாளர் குடும்பம் வெளியிலிருந்து லொறியில் இறக்குவதென்றால் என்னாகும் என்று கணக்குப் பார்ப்பவர்களே பார்த்துக்கொள்ளட்டும். இயந்திரம் எப்படியும் அங்கே வந்து நிற்கிறது. கூடுதலாகத் தேவைப்படுவது சில மணித்தியால வேலை. வீதி அமைக்கும்போது மேல்மண்ணை முதலில் அகற்றுவது பொறியியலாளர்களுக்கு வழக்கமான வேலைதான். வீதிக்கு ஆகாத மண் என்பதால் அங்கே அதை அகற்றுகிறார்கள். வீட்டுக்கு ஆகும் மண் என்பதால் இங்கே அதை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வீட்டை எங்கே வைப்பது என்பதும் இதனோடு சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகள் காணியின் நடுவில் அமைக்கப்படுகின்றன. இதனால் பின்னால் எஞ்சும் இடம் வெட்டிய மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கிப்போய், ஈரம் காயாமல், வெயில் படாமல், பாசி பிடித்துக் கிடக்கிறது. அந்த ஒடுக்கத்தில் பயிரிட்டுத் தண்ணீர் ஊற்றுவது மேட்டின் அடியை நனைத்து இளக்கும் ஆபத்தான காரியமுமாகும். மேற்புறக் கானை முதலில் வெட்டி, மழைநீர் மேட்டின்மேல் பாயாமல் ஒதுக்கி, மேட்டு விளிம்பில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டு, பயிருக்கான இடத்தை வீட்டின் கீழ்ப்புறத்தில் ஒரே துண்டாக விட்டால், வெயிலும் கிடைக்கும், ஆபத்தும் குறையும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைக் கண்ட மக்கள் நாங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகள் என்ன ஆயின என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதன் விளைவாகப் புதிய குடியிருப்புகளுக்குக் காணி தேடப்படும் இந்த வேளையில், இடம் பாதுகாப்பானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அறிக்கை பெறும்போதே, கானும் மேல்மண்ணும் எங்கே என்பதையும் வரைபடத்தில் குறித்துவிடலாம்.

ஏற்கெனவே மஞ்சள் மண்ணோடு குடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முற்றம் முழுவதையும் கொத்திப் புரட்டி நாற்று நடுவது வீண் உழைப்பு. முழங்கை ஆழத்தில் தனித்தனிக் குழிகளாக வெட்டி, சமையலறைக் கழிவு, சாம்பல், சாணம், காய்ந்த இலை ஆகியவற்றை ஒவ்வொன்றிலும் நிரப்பி, இரண்டு மாதம் உக்கவிட்டு, பூசணி, சவ்சவ், மரத்தக்காளி போன்றவற்றை அவற்றில் வைக்கலாம். அடுத்த முறை பக்கத்தில் வேறு குழிகள் வெட்டினால், சில ஆண்டுகளில் முற்றம் முழுவதும் குழிகளாலேயே தேறிவிடும். வீதியோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற காட்டுச் சூரியகாந்தியை யாரும் பெறுமதியாக நினைப்பதில்லை. அதன் இலையும் இளந்தண்டும் விரைவில் உக்கும், தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைந்தவை. வேலிக்குக் கம்பிக்குப் பதிலாக முள்முருங்கைக் கம்புகளை நட்டால் அவற்றின் இலையும் மண்ணுக்குச் சேரும். அமிலத்தைத் தணிக்கும் டொலமைட் தூளைப் போடுவதானால், அயலவர் போட்டார் என்பதற்காக அளவில்லாமல் கொட்டாமல், அருகிலுள்ள கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ விசாரித்து, மண்ணின் பி.எச். பெறுமானத்தைத் தெரிந்துகொண்டு போடவேண்டும். தோட்டப்புறத்தார் அந்த அலுவலகங்களின் படியேறுவது குறைவு. அங்கே போய்த் தமிழில் விடை பெற்றுவருவதில் உள்ள சிரமத்தையும் நான் அறிவேன்.

சாணம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லயத்தில் இருந்தபோது மாடு வைத்திருந்தவர்கள் பலர், ஏழு பேர்ச்சில் பட்டி போட இடமில்லாததால் மாட்டை விற்றுவிட்டார்கள். பாலோடு எருவும் போயிற்று. இரண்டு மூன்று ஆடுகளுக்கோ ஒரு பொதுவான மாட்டுப்பட்டிக்கோ திட்டத்தின் எல்லையில் சிறு துண்டுக் காணியை ஒதுக்கினால், இருபது முப்பது வீடுகளுக்கு எரு அங்கிருந்தே கிடைக்கும். நகரச் சந்தையில் நாள்தோறும் குவியும் கோவா இலையையும் லீக்ஸ் தாளையும் குப்பைமேட்டில் கொட்டுவதைவிட, தரம் பிரித்துக் கூட்டெருவாக்கி, நகரை அண்டிய இத்தகைய குடியிருப்புகளுக்கு விற்பதற்கு உள்ளூராட்சி மன்றங்கள் முன்வரவேண்டும்.

புதிய வீடுகளுக்குக் கேள்விமனு கோரும் அமைச்சும், பெருந்தோட்டப் பிராந்தியத்தின் வீடமைப்புக்குப் பொறுப்பான நிறுவனங்களும், தமது ஒப்பந்தப் படிவத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும்: மேல்மண்ணைத் தனியே வழித்துக் குவித்துப் பாதுகாப்பது, வேலை முடிவில் பயிர்நிலத்தில் திரும்பப் பரப்புவது. ஒப்பந்தகாரருக்கு இறுதிக் கொடுப்பனவை வழங்குமுன், பொறுப்பான உத்தியோகத்தர் ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்திற்குத் தோண்டிப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்றும் அதில் எழுதிவைக்கலாம். விதைப் பொதிகளை அதற்கு அடுத்த மாதம் கொண்டுவந்து கொடுத்தாலும் தாமதமாகாது.

இப்படிக்கு,
ஓய்வுநிலை விவசாய பாட ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.